பல் தடம்

பாத்திரம் பாலிஷ் போடும் பட்டறைக்கும் என் பார்சல் ஆபீசுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆபீஸ் என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு தராசு, ஒரு மேசை, கொஞ்சம் அட்டைப்பெட்டி, ஒட்டுகிற டேப், அப்புறம் நான். அந்தப் பக்கம் சக்கரம் ஓட ஆரம்பித்தால் இந்தப் பக்கம் மேசைமேல் இருக்கிற டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போகும். குடிக்காமல் விட்டால் மடியில் விழும். எத்தனையோ தடவை கத்திப் பார்த்துவிட்டேன். சக்கரம் ஓடும்போது கத்துவதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான்.

பட்டறைக்காரரை எல்லாரும் பளபளா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெண்டாட்டியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் என்னைத் திட்டுகிற உரிமை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டவள். அவர் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார். முதலில் முரட்டுச் சக்கரம், அப்புறம் மெத்தென்ற துணிச் சக்கரம். நடுநடுவே சோப்புக்கட்டி மாதிரி இருக்கிற சிவப்பு மெழுகைச் சக்கரத்தில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார். கடைசியில் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சரி என்று வைப்பது தங்கச்சி வேலை. பட்டறையில் நெட்டை என்று இன்னொரு வேலையாளும் உண்டு. அவன் தேய்த்தது எது, இவர் தேய்த்தது எது என்று தங்கச்சி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். நான் கூட ஒருமுறை கலந்து வைத்துச் சோதித்தேன். "அண்ணே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஒன்று விடாமல் பிரித்து வைத்தாள்.

பளபளாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அவர் வாசலைத் தாண்டி எது வெளியே போனாலும் சக்கரத்தில் ஒரு சுற்று பட்டுத்தான் போகும். மோட்டார் கெட்டுப்போய் ரிப்பேருக்கு அனுப்பினார், அதன் உடம்பைப் பளபளவென்று தேய்த்து அனுப்பினார். மெக்கானிக் போன் பண்ணி, "மோட்டாருக்குக் கல்யாணமா?" என்று கேட்டான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கின கரண்டியைத் திருப்பிக் கொடுத்தால், அது தங்கள் கரண்டியே இல்லை என்று அவர்கள் சண்டைக்கு வருவார்கள். என் பூட்டைக் கொடுத்து எண்ணெய் விடச் சொன்னேன். திரும்பி வந்தபோது அதில் என் மூஞ்சி தெரிந்தது. காலையில் கடை திறக்கும்போதே அதைப் பார்க்கவேண்டியிருக்கிறது, என்ன கொடுமை.

"ஏங்க இப்படி?" என்று கேட்டேன்.

"மங்கலா ஒரு சாமான் நம்ம கையை விட்டுப் போனா, எனக்கு ராத்திரி சோறு இறங்காது பார்சல்" என்றார். என்னை அவர் பார்சல் என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவரிடம் பளபளப்பே இல்லாத ஒரே ஒரு பொருள் இருந்தது. அதுதான் அந்த மைப்பேனா. கெட்டி ரப்பரில் செய்த கறுப்புப் பேனா, பையில் மாட்டுகிற கொக்கி மட்டும் வெள்ளைப் பித்தளை. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. பில் எழுதுவதெல்லாம் அதில்தான். மூடியின் நுனியில் பல் தடம். மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. கையில் எது கிடைத்தாலும் கடிக்கும் என்பதால் எலி என்று பெயர் வைத்திருந்தார். என் மேசையில் இருந்த ரப்பர், தராசுக் கல், பார்சல் கயிறு எல்லாம் எலி ருசி பார்த்ததுதான். அப்பா பில் எழுதும்போது மடியில் ஏறிக்கொள்ளும். பேனாவில் அவர் எழுத, மூடியை அது கடிக்கும். "எலி, கறுப்பு மிட்டாய் எப்படி இருக்கு?" என்பார். "கசக்குது, ஆனா நல்லாருக்கு" என்று சொல்லும். ஒருநாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நடந்து படியேறிய குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

போட்டோ இருக்கிறது. ஆனால் போட்டோவைத் தொட்டால் கண்ணாடிதான் தட்டுப்படும். சுவரில் கிறுக்கினதெல்லாம் வெள்ளையடித்ததில் போய்விட்டது. கவுனையெல்லாம் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கண்ணில் பட்டால் இவர்கள் அழுவார்கள் என்று. தடமே தங்காத வீடு அது. மீதி இருந்தது மூடியில் இருந்த அந்தக் குழிகள்தான். பில் எழுத உட்காரும்போது பளபளா முதலில் கட்டைவிரலை அந்தக் குழியில் வைப்பார். சும்மா ஒரு நொடி. அப்புறம்தான் மூடியைத் திறப்பார். துடைக்கிற வேலை முடிந்து படுக்கப் போகுமுன் தங்கச்சியும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போவாள்.

அந்தப் பேனாதான் ஒழுக ஆரம்பித்தது.

மழைக்காலம். ஈரக்காற்றில் தேய்த்து வைத்த பாத்திரமெல்லாம் மறுபடி மங்கிப் போக, அவர் எரிச்சலாக இருந்தார். சட்டைப்பையில் நீலமாகப் பெரிய வட்டம். நான் டீ வாங்கிக்கொண்டு போயிருந்தேன். தங்கச்சி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சட்டை போனாப் போகுதுங்க. பேனாவோட கழுத்தைப் பாருங்க, விரிசல் விட்டிருக்கு. ஒருநாள் கீழ விழுந்தா ரெண்டாப் போயிடும்."

"விழாது."

"ஆமா, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் விழும்."

"நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல?"

"என்னத்தைப் பார்த்துப்பீங்க? குனிஞ்சு சக்கரத்துகிட்ட நிக்கிறீங்க. பையில இருந்து நழுவி அதுல மாட்டுனா மாவாப் போயிடும். கம்பெனிக்கு அனுப்புங்க. அவங்க செஞ்ச பேனா, அவங்களுக்குத் தெரியாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் பார்சல், நீங்க அனுப்பற சாமான் தொலைஞ்சே போகாதா?"

"எப்பவாவது..." என்று இழுத்தேன்.

"அண்ணே! வாயை வச்சுக்கிட்டு கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் தங்கச்சி.

"தொலையாதுங்க. நானே கூட நின்னு வண்டியில ஏத்தறேன்" என்று சமாளித்தேன்.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டோம். ரிப்பேர் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். கழுத்தை மாற்ற வேண்டும், உள்ளே மை நிற்கிற ரப்பர் பையை மாற்ற வேண்டும், மற்றபடி ஒன்றும் இல்லை என்றாள்.

"மூடியைத் தொட மாட்டீங்கல்லம்மா?" என்றார் இவர்.

"மூடியில என்ன சார் பிரச்சினை?"

"பிரச்சினை இல்லம்மா. பல் தடம் இருக்கும். என் பொண்ணு கடிச்சது. அவ... இப்ப இல்ல. அசிங்கமா இருக்கேன்னு யாராவது தேய்ச்சுக் கீய்ச்சு வச்சுடப் போறாங்க. நானும் அதே தொழில்தான், எனக்குத் தெரியும். கை சும்மா இருக்காது."

"புரியுது சார்" என்றாள். "ஒரு சீட்டுல எழுதி உள்ள வைங்க. நான் என் கையாலயே பிரிச்சு, கூடவே இருந்து பார்த்துக்கறேன்."

சீட்டை என்னைத்தான் எழுதச் சொன்னார். 'மூடியில் இருக்கும் பல் தடத்தைத் தயவுசெய்து தொட வேண்டாம்.' எழுதிக் காட்டினால், "எழுத்து சின்னதா இருக்கு, பெருசா எழுதுங்க" என்றார். பெரிதாக எழுதினேன். அடியில் கோடு போடச் சொன்னார். போட்டேன்.

அனுப்புகிற அன்று காலையிலிருந்து மழை விடவில்லை. தங்கச்சி பட்டறைக்குப் பின்னால் இருக்கிற சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. "நான் பார்க்க மாட்டேண்ணே. போயிட்டு நல்லபடியா வரட்டும்" என்று உள்ளே இருந்தே சொன்னாள். பால் கொதித்து வழிகிற வாசனை வந்தது, அடுப்பை அணைக்கிற சத்தம் வரவில்லை. நான் ஆபீசில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரம் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. என் டம்ளர் ஒரு விரல் நகர்ந்தது. ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு வாடை. பெல்ட் சூடாகியிருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அவர் வந்தார். கண் சிவந்து கிடந்தது. பேனாவைத் துணியில் சுற்றி, நூலால் கட்டியிருந்தார்.

"காட்டுங்க, ஒருதரம் பார்த்துக்கறேன்" என்றேன்.

"பிரிக்காதீங்க பார்சல். அதைப் பார்த்தா எனக்கு அனுப்ப மனசு வராதுன்னு, பார்க்காமலேதான் சுத்தி எடுத்துட்டு வந்திருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். பொட்டலம் கையில் வெதுவெதுவென்று இருந்தது. பாவம், மனுஷர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்திருக்கிறார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை மேலே வைத்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினேன்.

பேனா இல்லாத நாட்களில் அவர் ஒரு பால்பாயிண்ட் பேனாவில் பில் எழுதினார். எழுதுமுன் கட்டைவிரல் வழக்கம்போல் மேலே போகும். அங்கே ஒன்றும் இருக்காது. நெட்டை என்னிடம், "முதலாளி ஒரு பில்லுக்கு நாலு தடவை பேனாவைத் தடவுறாருங்க" என்றான். சாப்பாட்டு நேரத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வந்துடுச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான், "வரும் வரும்" என்பேன்.

வந்தது. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நானே பட்டறைக்கு ஓடினேன். "தங்கச்சி, உன் பேனா மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று கத்தினேன். சக்கரத்தை நிறுத்தினார்கள். நெட்டை டீ வாங்கப் போனான். அவர் கையெல்லாம் சிவப்பு மெழுகு. "நீயே பிரி, என் கை அழுக்கு" என்று பெண்டாட்டியிடம் சொன்னார்.

தங்கச்சி பிரித்தாள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பேனா. எடுத்தாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பேனா அழகாக இருந்தது, அதுதான் தெரிந்தது. கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற மாதிரி, கறுகறுவென்று, வழவழவென்று. ஐயோ! வழவழவென்று! அவள் மூடியைக் கட்டைவிரலால் தடவினாள். திருப்பித் தடவினாள். பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் அவள் பார்த்தது பேனாவை இல்லை, புருஷனை. ஒரு நொடிதான். பார்த்துவிட்டுப் போட்டாளே ஒரு சத்தம்!

"அடப்பாவிகளா! அழிச்சுட்டாங்களே! என் புள்ளையை அழிச்சுட்டாங்களே!"

அவர் மெழுகுக் கையோடு பேனாவைப் பிடுங்கினார். கட்டைவிரல் பழைய இடத்தைத் தேடிப் போய் வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. அப்படியே பாத்திரக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு குடம் உருண்டு வாசல்வரை போனது, யாரும் எடுக்கவில்லை.

"போனைப் போடுங்கண்ணே! அவளைக் கூப்பிடுங்க! கையாலயே பார்த்துக்கறேன்னு சொன்னாளே, அவளைக் கூப்பிடுங்க!"

போட்டேன். பட்டறைப் போன்தான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். அதே பெண்தான் எடுத்தாள். தங்கச்சி அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை பேச விடவில்லை. நீ ஒரு பொம்பளையா என்றாள். உனக்கு வயிற்றில் பிள்ளை பிறக்காதா என்றாள். நான் கேட்ட பேச்சையெல்லாம் எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

அவள் மூச்சு வாங்கின இடைவெளியில் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "மேடம், சத்தியமா நாங்க மூடியைத் தொடவே இல்ல. சீட்டைப் படிச்சுட்டு, நான்தான் தடத்தைத் தேடினேன். ஒண்ணுமே இல்ல மேடம். சீட்டு மாறி வந்திருச்சோன்னு உங்களுக்குப் போன் கூடப் பண்ணினேன். யாரும் எடுக்கல."

போன் அடித்திருக்கும். சக்கரம் ஓடும்போது இந்தப் பட்டறையில் இடி விழுந்தாலும் கேட்காதே.

"பொய் சொல்றா!" என்றாள் தங்கச்சி.

"பொய் இல்ல மேடம். வர்ற பேனா எல்லாத்தையும் பிரிச்ச உடனே படம் எடுத்து வச்சுப்போம். இப்பவே அனுப்பறேன், பாருங்க."

"படமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்! போனை வைங்கண்ணே, வைங்க!" என்று என் கையிலிருந்து போனைப் பிடுங்க வந்தாள்.

இவ்வளவு நேரம் போனைப் போடு போடு என்றவள், இப்போது ஏன் வை என்கிறாள்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மழைநாள். ஓடி நின்ற சக்கரம். ரப்பர் தீய்ந்த வாடை. கையில் வெதுவெதுவென்று இருந்த பொட்டலம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தால் மட்டும் அந்தச் சூடு வருமா? சக்கரத்திலிருந்து எடுத்த பாத்திரம்தான் அப்படி இருக்கும். தங்கச்சியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

ஆனால் படம் வந்துவிட்டது. போன் டிங் என்றதும் அவர் எழுந்து வந்து, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏமாத்தறாங்க பார்சல்" என்றார். "தேய்ச்சுட்டு, அப்புறம் படம் எடுத்திருக்காங்க. இருங்க, பெருசாக்கிப் பார்க்கிறேன்."

படத்தில் பேனா நான் சுற்றித் தந்த அட்டைப்பெட்டியில், அவருடைய துணிமேல் கிடந்தது. பக்கத்தில் என் கையெழுத்துச் சீட்டு, அடிக்கோட்டோடு. மூடி வழவழவென்று இருந்தது. அவர் இரண்டு விரலால் படத்தை விரித்துக்கொண்டே போனார். கொக்கி பெரிதானது. கொக்கிக்கு அடியில், துணி நுழையாத இடுக்கில், சிவப்பாக ஒரு மெல்லிய கோடு.

எந்தப் பாத்திரத்திலும் அந்த மாதிரி இடுக்கில்தான் அந்த மெழுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். குச்சியில் துணி சுற்றி அதை எடுப்பதுதான் தங்கச்சிக்குத் தினமும் வேலை. அவர் படத்தைப் பார்த்தார். போனைப் பிடித்திருந்த தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். நகக்கண்ணில் அதே சிவப்பு.

"கொக்கி மங்கலா இருந்துச்சு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "கொக்கியை மட்டும் ஒரு இழுப்பு இழுக்கலாம்னுதான் வச்சேன். வெளிய போற சாமான்... கண்ணு நிறைஞ்சு போச்சு, ஒண்ணும் தெரியல. கை பாட்டுக்குப் போச்சு. கை பாட்டுக்கு முரட்டுச் சக்கரத்துக்குப் போயிருக்கு... நான் பார்க்கவே இல்லையே. பார்க்காமலே சுத்திட்டேனே!"

"நீங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் தங்கச்சி. "அவங்கதான். விடுங்க."

அவர் தலையைத் தூக்கினார். "உனக்குத் தெரியுமா?"

அவள் பெட்டியில் கிடந்த பஞ்சை மடிக்க ஆரம்பித்தாள்.

"கேக்கறேன்ல? உனக்குத் தெரியுமா?"

"வெளிச்சத்துல பிடிச்சப்பவே தெரிஞ்சுது. உங்க கை போட்ட பளபளப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குடி அந்தப் பொண்ணைப் போட்டு அந்தப் பேச்சுப் பேசின?"

"உங்களை எப்படிங்க நான் பேசுவேன்?"

அவர் மறுபடி குவியல்மேல் உட்கார்ந்து, போனை மடியில் போட்டுவிட்டு, தன் இரண்டு கையையும் மலர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. நெட்டை டீயோடு வாசலில் வந்து நின்றவன், உருண்டு கிடந்த குடத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

போனிலிருந்து குரல் வந்தது. அதை யாரும் வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மேடம்... லைன்ல இருக்கீங்களா? நான் வேணும்னா மேல இருக்கறவங்ககிட்ட பேசிப் பார்க்கட்டுமா மேடம்?"

தங்கச்சி அவர் மடியிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. யார்கிட்டயும் பேச வேண்டாம். உன் மேல தப்பு இல்ல."

"அப்ப... பேனா?" என்றாள் அந்தப் பெண், பயந்துகொண்டே. "எழுதுதா மேடம்? இப்ப ஒழுகலையே?"

அதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்கச்சி குவியல்மேல் கிடந்த பேனாவைக் கையில் எடுத்தாள். மூடியைக் கழற்றவில்லை. வழவழப்பான நுனியை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்க மூடிக்கொண்டாள்.

"எழுதுதும்மா" என்றாள். "நல்லா எழுதுது."